சீனியம்மா கை வச்ச பெட்டி

எங்க செம்மடைப்பட்டிக்காரங்க ரொம்ப நல்லவங்க. நான் சொல்லலை, அவங்களே சொல்லிக்கிடுவாங்க. பஸ்ஸை விட்டு இறங்கின ஆளு தண்ணி கேட்டா மோர் குடுப்பாங்க, எழவு வீட்டுக்குச் சோறு பொங்கிக் கொண்டுபோவாங்க, கல்யாண வீட்டுல கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போற மாமன்காரனைக் கையைக் காலைப் பிடிச்சுக் கூட்டியாந்து பந்தியில உக்கார வைப்பாங்க. அந்த நல்லவங்க எல்லாரும் சேர்ந்து ஒருத்தி கையில இருந்த சூட்டை எப்படிக் குடிச்சாங்கங்கறதைத்தான் இப்பச் சொல்லப்போறேன். அளவு ஜாக்கெட் குடுக்க வந்தவங்க அப்படி ஓரமா உக்காருங்க. உங்க துணி எங்கயும் ஓடிப்போகாது.

என் தையல் கடைக்கும் தவசிமுத்துவோட ஆன்லைன் கடைக்கும் நடுவுல ஒரு பிளைவுட் தட்டிதான். அவன் தும்மினா இங்க எனக்கு ஊசியில கோத்த நூல் உருவிக்கிடும். அந்தக் கடையில இருந்தது ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு முருகன் படம். அவ்வளவுதான். ஆனா எங்க ஊர்ல சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பரீட்சைக்கு மனு, வேலைக்கு மனு, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டுல பிறந்த பிள்ளை பேரைச் சேர்க்க, செத்த கிழவன் பேரை எடுக்கன்னு எல்லாமே அந்த ஒத்தப் பெட்டி வழியாத்தான் போயாகணும். அந்தக் கடையைக் கூட்டிப் பெருக்கி, குடத்துல தண்ணி வச்சு, முருகனுக்குப் பூப்போட்டு, வரிசையில நிக்கிற சனத்தோட ஜெராக்ஸ் பேப்பரை வாங்கி அடுக்கிக் குடுக்கிறவதான் சீனியம்மா. புருஷன் இல்லாதவ. ஒரே மக சுகந்தியைத் திருப்பூர்ல கட்டிக்குடுத்திருந்தா. அந்த மக முழுகாம இருக்கான்னு ஆடி மாசம் தகவல் வந்து, சீனியம்மா எங்க தெரு பூராவும் சீனி குடுத்தா, அவ பேருக்குப் பொருத்தமா.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒரு காத்து அடிச்சுச்சு. கம்பியோட கம்பி உரசி, கடைத்தெரு பல்பெல்லாம் ஒரு நிமிஷம் கண்ணு கூசற மாதிரி எரிஞ்சு, என் கடை பல்பு சிதறி, தட்டிக்கு அந்தப் பக்கம் டப்புன்னு ஒரு சத்தம். கருகின வாடை எனக்கு இங்க வரைக்கும் வந்துச்சு. தவசிமுத்து பெட்டியைத் தட்டினான், உலுக்கினான், முருகனைப் பார்த்தான். பெட்டி மூச்சு விடலை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற குணசிங் வந்தான். நல்ல வேலைக்காரன்னு பேரு. அந்தப் பேரு மேல அவனுக்கு உசிரு. அதை ஞாபகம் வச்சுக்கிடுங்க. பக்கவாட்டு மூடியைக் கழட்டிட்டு, உள்ளே ஒரு மூலையில இருந்த இரும்பு டப்பாவைக் காட்டி, வீட்டுக்கு வர்ற கரண்டை இதுதான் சின்னச் சின்னதாப் பிரிச்சு உள்ள இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் வயர் வழியா ஊட்டுது, எஸ்.எம்.பி.எஸ்.னு பேரு, இதுதான் வெடிச்சிருக்குன்னு சொன்னான். என்கிட்ட ஒரு ஊக்கு வாங்கி நிமித்தி, அதுல இருந்து வர்ற பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்துப் பிடிச்சான். உசிரு இருந்தா காத்தாடி சுத்தணுமாம். சுத்தலை. செத்துப்போச்சு அண்ணாச்சின்னான்.

மறுநாள் மதுரையில இருந்து பஸ்ஸுல புது டப்பா வந்து சேர சாயங்காலம் ஆயிருச்சு. ஆயுத பூஜை. கடைத்தெரு பூரா வாழை இலையும் பொரியும் சந்தனமுமா இருக்கு, தவசிமுத்து பெட்டியைப் பூஜையில வச்சே ஆகணும்னு நிக்கிறான். குணசிங் புது டப்பாவை மாட்டி, அதுல இருந்து தொங்கின வயரையெல்லாம் ஒண்ணொண்ணா அதது இடத்துல செருகிக்கிட்டே வந்தான். தவசிமுத்து வாட்சைப் பார்த்து, நல்ல நேரம் முடியப்போகுது எந்திரி எந்திரின்னு விரட்ட, அவன் கையில பிடிச்சிருந்த கடைசி வயரை அப்படியே விட்டுட்டு எந்திரிச்சுட்டான். ஆன் பண்ணிப் பார்த்துருவோம்னு அவன் சொன்னதுக்கு, பூஜையில வச்ச சாமானை நாளைக்குத்தான் தொடணும்னு இவன் சொல்லிட்டான். மூடியை மாட்டி, திருகாணி மேலெல்லாம் சந்தனமும் குங்குமமும் வச்சு, சூடம் காட்டி, எனக்கும் ஒரு இலையில பொரி வந்துச்சு. தின்னேன்.

விஜயதசமி காலையில பெட்டியைப் போட்டா, காத்தாடி சுத்துது, பச்சை விளக்கு எரியுது, திரை மட்டும் கறுப்பாவே கிடக்கு. வாசல்ல சனம் நிக்குது. தவசிமுத்து போனைப் போட, குணசிங் வந்து பார்க்கிறேன், அதுக்குள்ள திரைக்குப் போற வயரை அமுக்கிப் பாருங்கன்னு சொல்ல, இவன் அமுக்கிக்கிட்டு இருக்கான். சீனியம்மா ஈரத்துணியால பெட்டி மேல காஞ்சுபோன சந்தனத்தைத் துடைக்க வந்தவ, ஒரு கையைப் பெட்டி மேல ஊனிக்கிட்டு மறு கையால துடைச்சா. ஒரு பீப் சத்தம். திரை வந்துருச்சு. துடைச்சு முடிச்சுக் கையை எடுத்தா, போயிருச்சு. வச்சா வந்துச்சு. எடுத்தா போச்சு.

"அக்கா, கையை எடுக்காதீங்க"ன்னான் தவசிமுத்து.

அவ்வளவுதான். அதுக்கு மேல அந்தக் கடையில யாரும் வாயைப் பிளக்கலை. முதல் ஆளு மனுவை நீட்டினான், இவன் டைப் அடிக்க ஆரம்பிச்சான், சீனியம்மா நின்னுக்கிட்டே இருந்தா. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் ஒரு நல்லவருக்குத் தோணி, பாவம் அந்தம்மாவுக்கு ஒரு ஸ்டூல் போடுங்கப்பான்னாரு.

குணசிங் வந்தான். தவசிமுத்துவைக் கையை வைக்கச் சொன்னான், என்னைக் கூப்பிட்டு என் கையை வைக்கச் சொன்னான், டீக்கடைக்காரரு கை, பெரிய மனுஷங்க கை, எல்லாம் வச்சுப் பார்த்தாச்சு. எங்க கையெல்லாம் வெறுங்கை. பிறகு கரண்டு பார்க்கிற மீட்டரை எடுத்து, அதோட ஒரு வயர் முனையைச் சீனியம்மா உள்ளங்கையிலயும் இன்னொண்ணைப் பெட்டியிலயும் வச்சான். மீட்டர்ல பன்னிரண்டுன்னு வந்து நின்னுச்சு. பன்னிரண்டு வோல்ட். ஆடலை, அசையலை. புது பேட்டரிகூட இப்படி நிக்காதேன்னான். அந்தப் பன்னிரண்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தான். அப்புறம் மூடியைத் திறந்து ஒரு தடவை பார்த்துருவோமான்னு கேட்டான், ஆனா பலமாக் கேட்கலை. ஓடுறதை எதுக்குப்பா பிரிக்கணும், சந்தனம் வச்சு மூடினது அப்படியே இருக்கட்டும்னு தவசிமுத்து சொன்னதும், சரி அண்ணாச்சின்னு மீட்டரைச் சுருட்டிப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டான்.

ஏன் அவ கைன்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஊர்ல அதைக் கேட்டவங்களும் இல்லை. கேட்டது வேற கேள்விங்க. அம்மன் கோயில் பூசாரி, பூஜை அன்னைக்கு அம்மன் யார் மேலயாவது இறங்கணும்ல, இந்தத் தடவை சத்தமில்லாம இறங்கியிருக்கான்னாரு. எங்க சர்ச்சுல, கர்த்தர் எளியவங்களைத்தான் எடுத்து உபயோகிப்பாருன்னு ஒரு பிரசங்கம் நடந்துச்சு. உபயோகிக்கிறது கர்த்தரா தவசிமுத்துவான்னு நான் கேட்டேன், பக்கத்துல இருந்தவ தொடையில கிள்ளினா. லைன்மேன் அண்ணாச்சி வந்து சுத்திப் பார்த்துட்டு, அந்தம்மா உடம்புல மீட்டர் இல்லாததால இதைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு டீ குடிச்சுட்டுப் போனாரு. இப்படி ஆளாளுக்கு ஒரு காரணம் கிடைச்சதும் எல்லாரும் நிம்மதியா அவங்கவங்க மனுவை எடுத்துக்கிட்டு வரிசைக்கு வந்துட்டாங்க.

அப்புறம் அது ஊர் வழக்கமாவே ஆயிருச்சு. காலையில பால்காரன் வர்றது, பள்ளிக்கூட மணி அடிக்கிறது, சீனியம்மா பெட்டி மேல கை வைக்கிறது. ஸ்டூலுக்கு மெத்தை நான்தான் தைச்சுக் குடுத்தேன். ஒரு கை மரத்துப்போச்சுன்னா மறு கையை முதல்ல வச்சுட்டுத்தான் இந்தக் கையை எடுக்கணும், இல்லைன்னா பாதி அடிச்ச மனு அழிஞ்சுபோகும். மூக்கு அரிச்சா தோள்பட்டையில தேய்ச்சுக்கிடுவா. ஈ உக்கார்ந்தா ஊதுவா. பாத்ரூம் போகணும்னா இந்த மனு முடியட்டும்கா, அந்த மனு முடியட்டும்காம்பாங்க. அவளும் சிரிச்சுக்கிட்டே சரிம்பா. அவ கை வச்சு அனுப்பின மனு திரும்பி வராதுன்னு யாரோ ஒருத்தன் கிளப்பிவிட, அக்கம்பக்கத்து ஊர்க்காரனெல்லாம் பஸ் ஏறி வர ஆரம்பிச்சான். ஒரு புதுப் பெட்டி வாங்கேன்டான்னு தவசிமுத்துகிட்ட நான் சொன்னதுக்கு, புதுப் பெட்டியைத் தேடி யாருக்கா வருவான்னு கேட்டான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது, அவன் வியாபாரி. நான் குத்தம்தான் சொல்லுதேன்.

ஐப்பசி முடிஞ்சு கார்த்திகையில ஒரு நாள் காலையில சீனியம்மா தட்டி ஓரமா வந்து நின்னு, அக்கா, மாவு பொங்க மாட்டேங்குதுன்னா. மழைக்காலம்ல, அப்படித்தான் இருக்கும்னேன். இல்லக்கா, பக்கத்து வீட்டுல பொங்கி வழியுது, நான் கரைச்சது மட்டும் அப்படியே கிடக்கு, நாலு நாளாச்சுன்னா. அவ கையைப் பிடிச்சுப் பார்த்தேன். பானைத் தண்ணி கணக்கா இருந்துச்சு. மாவு கரைச்சா கைச்சூடு மாவுல இறங்கணும், அப்பத்தான் புளிக்கும், இது பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும். இறங்க அவ கையில என்ன மிச்சம் இருந்துச்சு. நீ நாளையில இருந்து போகாதேன்னேன். பாவம்க்கா, நாளைக்கு பென்ஷன் கிழவங்கள்லாம் வராங்கன்னா. அவ குணம் அது. கோவத்துல எனக்குக் கத்திரி எங்க வச்சேன்னே தெரியலை.

அந்தச் சில்லிப்பு வெளியில தெரிஞ்சதும் ஊரு பயந்துருக்கும்னு நினைக்கிறீங்களா. பூக்காரி வந்தா. சும்மாதானே இருக்கு அந்த இன்னொரு கைன்னு, மத்தியான வெயில்ல வாடாம இருக்கட்டும்னு மல்லிகைப் பந்தை அதுல வச்சுட்டுப் போனா. சாயங்காலம் வரைக்கும் அப்பப் பறிச்ச மாதிரி இருந்துச்சு. டீக்கடைக்காரரு பால் பாக்கெட்டைக் குடுத்து வச்சாரு. காய்ச்சல் வந்த பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டுத் தாய்மாருங்க வந்து, அவ கையை எடுத்துப் பிள்ளை நெத்தியில வச்சுக்கிட்டு வரிசையா உக்கார்ந்தாங்க. பிள்ளைங்க கண்ணை மூடித் தூங்குச்சுங்க, சீனியம்மா குனிஞ்சு அந்த முகங்களைப் பார்த்துக்கிட்டே இருப்பா. தன் பேரப்பிள்ளையை நினைச்சுக்கிடுவா போல. ஒரே ஒருத்தர்கூட, உனக்குக் குளிருதாம்மான்னு கேட்கலை. ஊர் பூரா கேட்டது ஒரே கேள்விதான், சீனியம்மா வந்தாச்சா.

தை பிறந்து சுகந்திக்கு வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான்னு திருப்பூர்ல இருந்து கூட்டியாந்தாச்சு. பெத்தவ பார்க்கிற பிரசவம். எண்ணெய் தேய்ச்சு விடணும், இடுப்பு வலிக்குதுன்னா நீவி விடணும், பிறந்ததும் காலை நீட்டி உக்கார்ந்து பிள்ளையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டணும், மூக்குப் பிடிச்சு விடணும், தலையை உருட்டி விடணும். முதல் நாளே அம்மா கை முதுகுல பட்டதும் அந்தப் பிள்ளை துள்ளி விழுந்தா. விழுந்துட்டு, நல்லாத்தான்மா இருக்கு, ஜில்லுனு இருக்குன்னா. சீனியம்மா அதை என்கிட்ட வந்து சொல்லி, அக்கா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், பேரப்பிள்ளையை என் கையால குளிப்பாட்டணும், அதுக்குக் கொஞ்சம் சூடு மிச்சம் இருந்தாப் போதும்னு அழுதா. நான் பார்த்து அவ அழுதது அதுதான் முதல் தடவை.

நான் நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போய் குணசிங்கைப் பிடிச்சேன். வந்து அந்தப் பெட்டியைத் திறந்து பாருடா, அவளை விட்டுருங்கடான்னேன். அவன் ஏதோ ஒரு போர்டைத் தேய்ச்சுக்கிட்டே, அது பெரிய பிரச்னைக்கா, மதர்போர்டே போயிருக்கும், தொட்டா இருக்கிறதும் போயிரும்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கலை. வேலை மும்முரம்னு நினைச்சுக்கிட்டு வந்துட்டேன். தவசிமுத்துகிட்ட போனேன். அவன் மனசு இளகி, பிரசவ நேரத்துல அக்கா தாராளமாப் போகட்டும், யார் வேண்டாங்கறா, நான் என்ன மனுஷன் இல்லையான்னு முருகன் படத்துக்கு முன்னால நின்னு சொன்னான்.

மாசி மாசம். ஏதோ ஒரு பெரிய வேலைக்கு மனு போடக் கடைசி நாளு. வரிசை என் கடையைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகுது. காலையில கடை திறந்த உடனே சுகந்திக்கு வலி கண்டுருச்சுன்னு ஆள் வந்துச்சு, பக்கத்து வீட்டுக்காரி ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போறாளாம். சீனியம்மா ஸ்டூலை விட்டு அரைவாசி எந்திரிச்சா. அப்பப் பார்க்கணும் எங்க ஊர் நல்லவங்களை. ஒருத்தனும் மிரட்டலை. ஒருத்தனும் கையைப் பிடிச்சு இழுக்கலை. அக்கா, இன்னும் நாலு பேர்தான்கா. அத்தை, என் மக வருஷம் பூரா படிச்சிருக்கா அத்தை. சித்தி, எனக்கு வயசு முடியுது, இந்த வருஷம் விட்டா இனி எழுதவே முடியாது. தலைப்பிரசவம் அவ்வளவு சீக்கிரம் ஆகாதும்மா, ராத்திரி ஆயிரும், எனக்குத் தெரியாதா, நாலு பெத்தவ நான். இப்படி ஒவ்வொருத்தரும் அழுதுக்கிட்டு, கும்பிட்டுக்கிட்டு, அவ மறுபடி உக்கார்ந்துட்டா. அந்த நாலு பேரு போனா இன்னும் நாலு பேரு. எப்பப் பார்த்தாலும் இன்னும் நாலு பேர்தான். சைட்டு வேற ஆமை வேகத்துல சுத்துது. தவசிமுத்து திரையை விட்டுக் கண்ணை எடுக்கலை, அவன் குடுத்த வாக்கைப் பத்தி முருகனும் ஞாபகப்படுத்தலை.

மத்தியானம் மறுபடி ஆள் வந்துச்சு. பிள்ளை திரும்பிக் கிடக்காம், சுகந்தி அம்மா அம்மான்னு கத்துறாளாம். தட்டி இடுக்கு வழியா நான் பார்க்கேன், சீனியம்மா கண்ணுல இருந்து தண்ணி தாரையா வழியுது, தாடையில சொட்டுது, கை மட்டும் பெட்டி மேல அப்படியே இருக்கு. முன்னால ஒரு பொம்பளப்பிள்ளை மனு பாதியில நிக்குது. எடுத்தா அந்தப் பிள்ளையோடது அழியும். அந்தப் பிள்ளையோட தாய்க்காரி எதிர்ல நின்னு கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே இருக்கா.

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். தையல் மெஷின் திருப்புளியை எடுத்துக்கிட்டு, வரிசையைப் பிளந்துக்கிட்டு உள்ள போனேன். அந்த மனு போய்ச் சேர்ந்ததும், எடுடி கையைன்னேன். எடுத்தா. திரை கறுத்துச்சு. தெருவே ஓலமிட்டுச்சு. தவசிமுத்து குறுக்க வந்தான், திருப்புளியைக் காட்டினேன், ஒதுங்கிட்டான். சந்தனம் காஞ்சு உரிஞ்ச அந்தத் திருகாணியைக் கழட்டி மூடியை இழுத்துக் கீழ போட்டேன். எனக்கு உள்ள ஒண்ணும் தெரியாது. என்ன தேடுறேன்னும் தெரியாது. தூசி, ஒரு காஞ்ச சாமந்திப்பூ, பொரி ரெண்டு. மத்த வயரெல்லாம் ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஒரே ஒரு வயரு மட்டும், முனையில நாலு ஓட்டையோட ஒரு சின்னத் தலை, எதையும் பிடிக்காம அந்தரத்துல தொங்குச்சு.

"இது என்னடா?"ன்னேன். வரிசையில குணசிங் நின்னான், தங்கச்சிக்கு மனு போட வந்தவன். ஊரே அவனைத் திரும்பிப் பார்த்துச்சு. அவன் மெதுவா வந்தான். பெட்டிக்குள்ள கையை விட்டு, அந்த வயரைப் பிடிச்சு, உள்ள எங்கயோ ஒரு இடத்துல அமுக்கினான். டிக்குன்னு ஒரு சத்தம். பீப். திரை வந்துருச்சு. பெட்டி மேல யார் கையும் இல்லை.

நான் அந்தத் திரையைப் பார்க்கலை, அவனைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். அவன் பெட்டிக்குள்ள குனிஞ்சு பார்க்கலை. தடவித் தேடலை. சட்டைப் பைக்குள்ள கையை விடுற மாதிரி விட்டான், நேரா அந்த இடத்துக்குப் போச்சு கை.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"பன்னிரண்டுன்னு வந்துச்சுல்லக்கா, அன்னைக்கே தெரியும்"னான். தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னான். "இந்த வயருக்குத்தான் பன்னிரண்டு வரணும். மாட்டாம மூடிட்டேன்னு சொன்னா என் பேரு என்ன ஆகும்."

அறைஞ்சேன். என் கை வலிச்சதுதான் மிச்சம். அந்த வார்த்தையை அங்க இருந்த அத்தனை பேரும் கேட்டாங்க. சரி, இப்பவாவது இவங்களுக்கு உறைச்சிருக்கும், இப்பவாவது யாராவது ஒருத்தர் சீனியம்மா முகத்தைப் பார்ப்பாங்கன்னு நினைச்சேன். அடுத்து நின்னவன் முன்னால வந்து பேப்பரை மேசையில வச்சு, அண்ணாச்சி, பெட்டிதான் வந்துருச்சே, என்னோடதைப் போட்டுருங்கன்னான். தவசிமுத்து போட்டான்.

சீனியம்மா ஓடினா. செருப்புப் போடலை. நானும் பின்னால ஓடினேன். நாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பிள்ளை பிறந்துருச்சு, பொம்பளப்பிள்ளை. சுகந்தி தொண்டை கட்டி, குரலே இல்லாமப் படுத்துக் கிடந்தா. அம்மாவைப் பார்த்தா, சுவர்ப் பக்கமாத் திரும்பிக்கிட்டா. நர்சம்மா பிள்ளையைத் துணியில சுத்தி, இந்தாங்க அம்மாச்சி, பிடிங்கன்னு நீட்டினாங்க. சீனியம்மா ரெண்டு கையையும் முந்தானையில தேய் தேய்னு தேய்ச்சுக்கிட்டு வாங்கினா. துணி விலகி அவ விரல் பிள்ளை தொடையில பட்டுச்சு. சுட்டது மாதிரி வீரிட்டுச்சு அது. உடம்பெல்லாம் நீலம் பாரிச்சு, மூச்சை உள்ள இழுத்துக்கிட்டு, விடவே மாட்டேங்குது. நர்சம்மா வெடுக்குனு பிடுங்கிக்கிட்டாங்க. கையில ஐஸா வச்சிருந்தீங்கன்னு கேட்டாங்க.

அதுக்கப்புறம் தவிட்டை வறுத்து ஒத்தடம் குடுத்தோம். வேப்பெண்ணெயைக் காய்ச்சித் தேய்ச்சோம். வெந்நீருல கையை வச்சா வெந்நீர்தான் ஆறுச்சு. பிள்ளையைக் குளிப்பாட்ட அடுத்த தெருவுல இருந்து ஆள் வருது, சீனியம்மா தள்ளி உக்கார்ந்து சோப்பு எடுத்துக் குடுக்கா, துண்டு எடுத்துக் குடுக்கா.

ஊரு என்ன ஆச்சுன்னு கேட்கீங்களா. ஊருக்கு என்ன. ஒரு வயரா, ஒத்த வயருதானான்னு கொஞ்ச நாள் சிரிச்சாங்க. அந்தம்மா வேலை வெட்டி இல்லாம நல்லா மெத்தையில உக்கார்ந்திருந்துச்சுன்னு ஒருத்தி சொன்னா, அந்த மெத்தையை நான் திருப்பி வாங்கிக்கிட்டேன். குணசிங்குக்குக் கூட்டம் குறையலை, ஒரு டிக்குல சரிபண்ணினவன்னு பேரு கூடித்தான் போச்சு. பங்குனிப் பொங்கலுக்கு மேடை போட்டு சீனியம்மாவைக் கூப்பிட்டு, ஊருக்கே ஒளி குடுத்த தாய்னு மைக்குல சொல்லி, ஒரு பொன்னாடை போத்தினாங்க. சரிகை வச்சது, பளபளன்னு இருக்கும். போத்தினா ஒரு பொட்டுச் சூடு கிடையாது அதுல. அளவு குறைச்சுத் தைச்சுத் தாங்கக்கா, பிள்ளைக்குத் தொட்டில்ல விரிக்கலாம்னு அவ என்கிட்டதான் கொண்டாந்து குடுத்தா. அதோ, அந்த ஆணியில தொங்குது.

கொஞ்சம் பொறுங்க, இப்ப அவ வர்ற நேரம்தான். தட்டி இடுக்கு வழியா நீங்களே பாருங்க. பெட்டி நல்லா ஓடுது. முன்னால எந்தக் காலத்திலயும் இல்லாத சூடு அதுக்கு இப்ப, பின்னால இருக்கிற காத்தாடி வழியா கதகதன்னு காத்து வருது. அந்தச் சூடு யாரோடதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. தினம் இந்நேரத்துக்கு சீனியம்மா வந்து பெட்டிக்குப் பின்னால குனிஞ்சு நின்னு, ரெண்டு உள்ளங்கையையும் அந்தக் காத்துல விரிச்சுப் பிடிச்சுக்கிடுவா. கொஞ்சம் ஏறினதும் கையை அக்குள்ல இடுக்கிக்கிட்டு வீட்டுக்கு ஓடுவா. ரெண்டு தெரு. ஆறுறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டா பிள்ளை கன்னத்தை ஒரு தடவை தொட்டுக்கலாம். சில நாள் போய்ச் சேர்ந்துருவா, சில நாள் வழியில யாராவது நின்னு நல்லாருக்கியாம்மான்னு விசாரிச்சுட்டா ஆறிப்போகும்.

தவசிமுத்து கெட்டவன் இல்லை. விரட்ட மாட்டான். அவன் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், அதையும் மரியாதையாத்தான் சொல்லுவான். கேளுங்க.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. காத்தை மறைக்கீங்க, பெட்டி சூடாயிரும்."

சரிப்பான்னு சொல்லிட்டு, அவ தள்ளி நிப்பா.